முதலை இன்னும் தூங்கல

குரு என்றால் தாடி இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஜோலார்பேட்டையில் இருந்த குருவுக்குத் தாடி இல்லை, காவி இல்லை, ஆசிரமமும் இல்லை. பெயர் ரெஜினா. வயது நாற்பத்து மூன்று. மாவு மில்லின் மாடியில் டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தார்.

மாவு மில்லைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. வேறெங்கே டிரம்ஸ் அடித்தாலும் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் காலி பண்ணச் சொல்லிவிடுவார். இங்கே கீழே மில் ஓடினால், மேலே டிரம்ஸ் சத்தம் கொசு தும்மிய மாதிரிதான். சுவரில் இருந்த பல்லிகூட மில்லின் தாளம் பிசகாமல்தான் கால் எடுத்து வைக்கும். தரைப்பலகை இடுக்கு வழியாக மாவு மேலே வரும். கறுப்புச் சட்டையோடு படியேறியவர்கள் வெள்ளைச் சட்டையோடு இறங்குவார்கள்.

சீடர் தீர்த்தகிரிக்கு அறுபத்து மூன்று. சரக்கு ரயிலில் முப்பத்து நான்கு வருடம் கார்டு. அதாவது கடைசியில் தொங்கும் பிரேக் வேனில் தனியாக உட்கார்ந்து வருகிறவர். அவர் பச்சைக்கொடி காட்டாமல் எஞ்சின் ஓர் அங்குலம் நகராது. ஆனாலும் ஊர் எஞ்சினைத்தான் வேடிக்கை பார்க்கும். ஐம்பத்தெட்டுப் பெட்டி போய், கையாட்டிய குழந்தைகள் கை வலித்து வீட்டுக்குப் போன பிறகுதான் கார்டு வருவார்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் மில் மாடியில் நின்றார்.

"இந்த வயசுல எதுக்கு சார் டிரம்ஸ்?"

"பின்னாடி உட்கார்ந்தே பழகிட்டேன் மாஸ்டர். டிரம்ஸ்காரரும் பின்னாடிதானே உட்கார்றார்."

ரெஜினா குச்சிகளை நீட்டினார். அன்றிலிருந்து அவர் இவருக்கு மாஸ்டர். இவர் அவருக்குக் கார்டு சார். இப்படி மூன்று வருடம் ஓடிப்போனது.

தீர்த்தகிரியை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு பாட்டு. பித்தளைக் காகம் என்று ஒரு ராக் குழு இருந்தது. இருபது வருடத்துக்கு முன்பே கலைந்துவிட்டது. பாட்டெழுதிப் பாடிய ஜெயசீலன் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவர் செருப்புக்குக்கூடத் தெரியாது. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் ரெஜினா. அவர்களுடைய பாட்டுகளில் ஒன்று மட்டும் சாகவில்லை.

*கதவில்லாத வீட்டுக்கு ரெண்டு சாவி,*
*ஒண்ணு உப்பு, ஒண்ணு ஈரம்.*
*ஏணிய எடுத்துட்டுப் போனவங்க கிட்ட சொல்லு,*
*முதலை இன்னும் தூங்கல.*

இவ்வளவுதான் பாட்டு. இதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். இதற்கு அர்த்தம் என்ன என்று பேசுவதற்காகவே பதினோரு பேர் ஆறு வருடமாக ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு இத்ரீஸ் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூடினார்கள். கடையிலிருந்த கண்ணாடி அத்தனையையும் மாட்டிப் பார்த்தும் யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை.

கதவில்லாத வீடு குடிநீர்த் தொட்டி என்றார் ஒருவர். ஈரம் இருக்கிறது, ஏணி இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். முதலை தொட்டிக்குள் எப்படி வந்தது என்று கேட்டதும் டீ குடிக்கப் போனவர், அப்புறம் வரவேயில்லை.

கடைசியில் இரண்டு கட்சிகள்தான் நின்றன. ஒன்றுக்குத் தலைவர் இத்ரீஸ் பாய். இன்னொன்றுக்குத் தலைவி போஸ்டாபீஸ் மங்கையர்க்கரசி. தீர்த்தகிரி எந்தக் கட்சியும் இல்லை. இரண்டையும் ஜர்னலில் எழுதிக்கொள்வார். கார்டு வேலையில் வண்டி நின்ற நேரம், கிளம்பிய நேரம் எல்லாம் ஜர்னலில் ஏற வேண்டும். வேலை போனாலும் அந்த வழக்கம் போகவில்லை. தும்மினால்கூட நேரத்தோடு எழுதுகிற கை அது.

வம்பு வந்தது ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஆண்டு விழாவால். இந்த மூன்று பேரும் சேர்ந்து மேடையில் அந்தப் பாட்டை வாசிப்பது என்று ஏற்பாடு. பாய் கிட்டார், மங்கையர்க்கரசி பாட்டு, தீர்த்தகிரி டிரம்ஸ். அவருக்கு வாழ்க்கையில் முதல் மேடை. அறுபத்து மூன்று வயதில் முதல் மேடை என்றால், அதுவே கடைசியாகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு, கடையில் ஒத்திகை.

"மெதுவா ஆரம்பிங்க கார்டு சார்," என்றார் பாய். "கேசட்டுல ஒன்பது நிமிஷம் வருது. அந்த வேகம்."

"ஒன்பது நிமிஷமா? கேக்கறவங்க எழுந்து சாப்பிடப் போயிடுவாங்க," என்றாள் மங்கையர்க்கரசி. "ஏலகிரி மேடையில நாலு நிமிஷத்துல பாடினாங்க. அதுதான் சரி."

"இது மௌத்தைப் பத்தின, சாவைப் பத்தின பாட்டு மங்கைம்மா. கதவில்லாத வீடுன்னா கபரு, புதைக்கிற குழி. உப்புன்னா கண்ணீர். ஈரம்னா மண்ணு. முதலை மரணம். அது தூங்கவே தூங்காது. இதைப் போய்க் குதிச்சுக்கிட்டா வாசிக்கிறது?"

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் கபரு. பாய், இது காதல் பாட்டு. கதவில்லாத வீடு மனசு. உப்பு வேர்வை. ஈரம் என்னன்னு கல்யாணம் ஆன மனுஷருக்கு நான் சொல்லணுமா? ஏணிய எடுத்துட்டுப் போனது சொந்தக்காரங்க. முதலை பொண்ணோட அப்பன். அவன் இன்னும் தூங்கல, ஓடிப்போக நேரம் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. ஓடிப்போறவங்க மெதுவாவா ஓடுவாங்க?"

பாயின் மனைவி இறந்து இரண்டு வருடம். மங்கையர்க்கரசி நாற்பத்தாறு வயதில் காதலித்து, எட்டு மாதத்துக்கு முன்புதான் கல்யாணம் செய்துகொண்டாள். இது இருவருக்கும் தெரியும். தெரிந்ததால் இன்னும் கோபமாகப் பேசினார்கள்.

"மெதுவா ஆரம்பிச்சா நான் மைக்கை வச்சிட்டு இறங்கிடுவேன்," என்றாள் அவள்.

"வேகமா ஆரம்பிச்சா கிட்டாரைப் பெட்டியில வச்சிடுவேன். அடுத்த ஞாயித்துக்கிழமையிலிருந்து இந்தக் கடையும் சாயங்காலம் சாத்தித்தான் இருக்கும்," என்றார் அவர்.

இருவரும் தீர்த்தகிரியைப் பார்த்தார்கள். பாட்டின் வேகம் டிரம்ஸ்காரர் கையில்தான் இருக்கிறது. குச்சியோடு குச்சியை அவர் நாலு தட்டு தட்டுவார். என்ன வேகத்தில் தட்டுகிறாரோ அதே வேகத்தில்தான் மற்றவர்கள் வந்து சேர முடியும்.

தீர்த்தகிரி குச்சிகளைப் பையில் வைத்தார்.

"சிக்னல் இல்லாம நான் வண்டி எடுத்ததில்லை. மாஸ்டரைக் கேட்டுட்டு வர்றேன். அர்த்தம் தெரிஞ்சா வேகம் தெரிஞ்சிடும். சொல்லாம விட மாட்டேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கேட்டார்.

"மாஸ்டர், முதலைன்னா என்ன?"

"முதலையா? முதலைதான்," என்றார் ரெஜினா. "சாத்தனூர் அணைக்கு வாசிக்கப் போயிருந்தோம். அங்க ஒரு கிழட்டு முதலை, நூத்திப்பத்து வயசு. நாங்க வாசிக்க வாசிக்க மத்த முதலையெல்லாம் தூங்கிடுச்சு. இது மட்டும் வாலால தாளம் போட ஆரம்பிச்சுது. அஞ்சு நிமிஷத்துல என்னைவிட நல்லா போட்டுச்சு. என் வேலை போயிடும்னு நான்தான் பாதியில நிறுத்தச் சொன்னேன். சீலன் அங்கேயே எழுதினான்."

தீர்த்தகிரி எழுதிக்கொண்டார்: திங்கள், 10.42. முதலை, சாத்தனூர். வயது 110.

செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டார்.

"அதுவா? நாங்க குடியிருந்த வீட்டுக்காரரோட பட்டப்பேர் அது. சாமான் உருட்டுற சத்தம் தாங்காம ஒருநாள் வாசக்கதவைக் கழட்டித் தலையில வச்சுக்கிட்டுப் போயிட்டார். நியாயமான மனுஷர். சாவி ரெண்டையும் எங்ககிட்டயே கொடுத்துட்டுத்தான் போனார்."

புதன்கிழமை முதலை ஒரு ஆம்ப்ளிஃபையராகிவிட்டது. அதை அணைத்தாலும் சிவப்பு விளக்கு எரியுமாம். ஒயரைப் பிடுங்கினாலும் எரியுமாம். பாதிரியார் வந்து ஜெபம் செய்தாராம், இன்னும் பிரகாசமாக எரிந்ததாம்.

தீர்த்தகிரி பக்கத்தைப் புரட்டினார்.

"திங்கட்கிழமை நூத்திப்பத்து வயசு முதலைன்னு சொன்னீங்க. நேரத்தோட இருக்கு."

"திங்கட்கிழமை அது திங்கட்கிழமை முதலை, கார்டு சார்."

"செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரர்."

"பாவம், நல்ல மனுஷர்."

"மாஸ்டர், நான் விளையாடல. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நாலு தட்டு தட்டணும். தப்பா தட்டினா ரெண்டுல ஒருத்தர் எழுந்து போயிடுவாங்க. அப்புறம் அந்தக் கடையில ஞாயித்துக்கிழமையே கிடையாது. எனக்கு நிஜம் வேணும்."

ரெஜினா ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். "சிம்பல் தட்டுல மாவு படிஞ்சிருக்கு. துடைங்க."

அவர் துடைத்தார். வியாழக்கிழமை வந்து, கேட்டார், துடைத்தார். வெள்ளிக்கிழமையும் வந்து, கேட்டார், துடைத்தார். அந்தச் சிம்பலில் முகம் பார்த்து மீசை கத்தரித்துக்கொள்ளலாம் என்ற அளவுக்குப் பளபளத்தது. கீழே மில்லுக்காரர் மிளகாய் அரைத்தார். இருவரும் தும்மினார்கள். தீர்த்தகிரி அதையும் நேரத்தோடு எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை அவர் படியேறியபோது முகம் கல்லாக இருந்தது.

"இன்னிக்கு சொல்லலைன்னா இறங்க மாட்டேன் மாஸ்டர். டிபன் கொண்டு வந்திருக்கேன்."

"என்ன டிபன்?"

"எலுமிச்சம் சாதம்."

"சரி, உட்காருங்க. நான் கேக்கற வேகத்துல நாலு தட்டு தட்டுங்க. மெதுவா."

தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"யார் தெரியறாங்க?"

தீர்த்தகிரி யோசித்தார். "இத்ரீஸ் பாய். அவர் சம்சாரம் போட்டிருந்த கண்ணாடியை இன்னும் கடை அலமாரியில வச்சிருக்கார். தினமும் துடைக்கிறார்."

"இப்ப வேகமா."

தட்டினார்.

"மங்கைம்மா. ரயிலடிக்குப் புருஷனோட ஓட்டமா ஓடி வருவாங்க. வண்டிக்கு அரை மணி நேரம் இருக்கும். அப்பவும் ஓடுவாங்க."

"நல்லது. பாட்டுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்னு வச்சுக்குங்க. இப்ப சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க." ரெஜினா முன்னால் சாய்ந்தார். "ரெண்டு பேர்ல யாரை வண்டியிலிருந்து இறக்கி விடப் போறீங்க?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கீழே மில் நின்றது. சுவரில் நடந்துகொண்டிருந்த பல்லி ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டது. மூன்று வருடத்தில் முதல் முறையாகத் தீர்த்தகிரிக்குத் தன் மூச்சுச் சத்தம் கேட்டது.

அவர் ஜர்னலை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரையும் இறக்க மாட்டேன்," என்றார்.

"அப்ப அவங்களைக் கொஞ்ச நேரம் விடுங்க. இந்தப் பாட்டை நீங்க முதல்ல எங்க கேட்டீங்க?"

"பிரேக் வேன்ல. பச்சூர் தாண்டி. ஹோம் சிக்னலுக்கு வெளிய ரெண்டு மணி நேரமா நிறுத்தி வச்சிருந்தாங்க. தண்டவாளத்துக்குப் பக்கத்துல ஒரு டிராக்டர்ல டேப் ரிக்கார்டர் பாடிட்டு இருந்துச்சு. காத்து அடிச்சா கேக்கும். இல்லைன்னா கேக்காது. கேசட்டா, மேடையில பாடினதான்னுகூட எனக்குத் தெரியாது."

"அப்ப என்ன அர்த்தம் பண்ணினீங்க?"

"எதுவும் பண்ணல. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"சிக்னல் விழற வரைக்கும்."

"அப்புறம்?"

"கொடி காட்டினேன். வண்டி கிளம்புச்சு. பாட்டு பின்னாடி போயிடுச்சு. ஆனா சக்கரம் அதே பாட்டைத்தான் பாடிட்டு வந்துச்சு மாஸ்டர். ஜோலார்பேட்டை வரைக்கும்."

ரெஜினா எழுந்து போய் அவருடைய டிபன் டப்பாவைத் திறந்தார். பாதி சாதத்தை மூடியில் எடுத்துக்கொண்டார்.

"ஊறுகாய் கொண்டு வரலையா?" என்றார்.



ஞாயிற்றுக்கிழமை காலை. இன்ஸ்டிட்யூட் ஹால் நிறைந்துவிட்டது. நாற்காலி கிடைக்காத ரயில்வேக்காரர்கள் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். அவர்களுக்குத் தொங்கிப் பழக்கம் உண்டு. முதல் வரிசை ஓரத்தில் ரெஜினா வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

மேடையில் பாய் இடது பக்கம், மங்கையர்க்கரசி வலது பக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் திரும்பிப் பின்னால் இருந்த தீர்த்தகிரியைப் பார்த்தார்கள். பாயின் கிட்டார் பெட்டி காலடியில் திறந்தபடியே இருந்தது. அவள் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுக்கவேயில்லை.

"மாஸ்டர் என்ன சொன்னாங்க?" என்று பாய் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

தீர்த்தகிரி தலையாட்டினார். அது ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று அவருக்கே தெரியாது.

கண்ணை மூடினார். பச்சூர் தாண்டி வெயிலில் நின்ற வண்டி வந்தது. இருக்கையே இல்லாத மாதிரி ஓர் இருக்கை, மின்விசிறி இல்லாத கூரை, டீயைக் கையில் எடுத்தால் சட்டைதான் குடிக்கும் அந்த பிரேக் வேன். சிக்னல் விழுந்தது. முன்னால் ஐம்பத்தெட்டுப் பெட்டியும் ஒவ்வொன்றாக இழுபட்டு, அந்த இழுப்பு கடைசியில் அவர் முதுகுக்கு வந்து சேர்ந்தது. காலுக்கடியில் தண்டவாள இணைப்பு வந்தது. சக்கரம் அதைத் தட்டியது.

குச்சியோடு குச்சி. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பாயின் கை பெட்டிப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. மங்கையர்க்கரசி ஓர் அடி பின்னால் வைத்தாள். தீர்த்தகிரி நிறுத்தவில்லை. எஞ்சின் வந்தாலும் வராவிட்டாலும் இந்த பிரேக் வேன் போயே தீரும் என்பதுபோல அடித்தார். எட்டுத் தட்டு தனியாகப் போனது. ஹாலில் யாரோ இருமினார்கள். பதினாறு போனது. மங்கையர்க்கரசி ஸ்டாண்டிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

*கதவில்லாத வீட்டுக்கு ரெண்டு சாவி...*

அந்த வரி முடிவதற்குள் கிட்டார் வந்து சேர்ந்துவிட்டது.

பாய் தலை குனிந்தே வாசித்தார். இரண்டாவது முறை உப்பு என்ற சொல் வந்தபோது அவருடைய மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது. கடைக்காரர், துடைக்கத் துணியில்லாமல் நின்றார். மங்கையர்க்கரசி மூன்றாவது வரிசையில் இருந்த தன் கணவரைப் பார்த்துப் பாடினாள். அவர் வெட்கத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நேரம் கேட்டார். ஜன்னலில் தொங்கியவர்கள் காலால் சுவரைத் தட்டினார்கள். அன்று தட்டிய தட்டில் இன்ஸ்டிட்யூட் கட்டடம் அரையடி கிழக்கே நகர்ந்ததாக இன்றும் ஊரில் சொல்லுவார்கள். அளந்து பார்த்தவர் யாருமில்லை.

பாட்டு முடிந்தது. ஆறு நிமிடம், பத்து வினாடி.

மேடையை விட்டு இறங்குவதற்குள் பாய் தீர்த்தகிரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் கார்டு சார். மாஸ்டர் மௌத்துன்னுதான் சொல்லியிருப்பாங்க. நீங்க தட்டினதுலயே தெரிஞ்சிடுச்சு. எவ்வளவு நிதானம்!"

அவர் அந்தப் பக்கம் போனதும் மங்கையர்க்கரசி வந்தாள்.

"பாய்க்காக ஒரு இழை குறைச்சீங்க, பரவாயில்லை. ஆனா காதல்தான்னு கன்ஃபார்ம் ஆயிடுச்சுல்ல? இன்னா வேகம் கார்டு சார்!"

இரண்டு நிமிடத்தில் இருவரும் ஹால் வாசலில் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தோற்றதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இங்கே நின்று கத்தினால் தீராது, சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்கு வாங்க, பேசிக்கொள்ளலாம் என்றார் பாய். நாலுக்கு என்ன, மூணே முக்காலுக்கே வர்றேன் என்றாள் அவள்.

தீர்த்தகிரி வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் ரெஜினா கடைசிக் கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க கார்டு சார்."

"ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டதா சொல்றாங்க. நான் ரெண்டு பேர் பக்கமும் தட்டல."

"கேட்டேன்."

"இனிமே நான் யாரையும் இறக்க வேண்டியதில்லை. இப்பவாவது சொல்லுங்க. கேசட்டுல மெதுவா தட்டினதும் நீங்க. ஏலகிரியில வேகமா தட்டினதும் நீங்க. பாட்டெழுதினவரு உங்ககிட்ட அர்த்தம் சொல்லித்தானே இருப்பாரு?"

ரெஜினா கடலைத்தோலை ஊதித் தள்ளினார். இந்தத் தடவை முதலை வரவில்லை, வீட்டுக்காரர் வரவில்லை. தீர்த்தகிரியின் கையிலிருந்த குச்சிகளைப் பார்த்தார்.

"ரெண்டு தடவையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் கேட்டேன். சீலா, இதுக்கு என்னடா அர்த்தம், எந்த வேகத்துல தட்டட்டும்னு. ரெண்டு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னான்."

தீர்த்தகிரி ஜர்னலைத் திறந்து பென்சிலை எடுத்தார்.

"'பயமா இருக்கு ரெஜி. நீ நாலு தட்டு தட்டு, பின்னாடியே வந்துடறேன்'னான்."

பென்சில் தாளைத் தொட்டது. தீர்த்தகிரி நேரத்தை மட்டும் எழுதினார்.